"யாவாரம் டல்லு" என்றால் எங்கே பார்ப்பது? மளிகைக் கடைக்காரர்களுக்கு அறிகுறி வாரியாக ஒரு சோதனை

"யாவாரம் எப்படிண்ணே?" என்று இப்போது எந்த மளிகைக் கடையில் கேட்டாலும் "டல்லு தம்பி" என்றுதான் பதில் வருகிறது. அதற்கு மேல் கிளறினால் ஆன்லைன், டிமார்ட், ஜிஎஸ்டி, மக்கள் கையில் காசில்லை என்று ஒரு பட்டியல் வரும். பட்டியலில் எதுவும் பொய் இல்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு நாளைக் காலையில் ஷட்டரைத் தூக்கியதும் எதை மாற்றுவது என்று கேட்டால் பதில் கிடையாது.

நான் மளிகைக் கடையிலேயே வளர்ந்தவன், இப்போது பத்துப் பதினைந்து கடைகளுக்குக் கணக்கு எழுதிக்கொடுக்கிறேன். எங்கள் ஊர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் முதல் சூப்பர் மார்க்கெட் வந்தபோது அப்பா செய்த முதல் காரியம் சர்க்கரை விலையையும் எண்ணெய் விலையையும் குறைத்தது. ஆறு மாதம் குறைத்தே விற்றார். போனவர்கள் திரும்பவில்லை, போகாமல் இருந்தவர்களுக்குக் கேட்காமலே தள்ளுபடி கொடுத்ததுதான் மிச்சம். ரொம்ப நாள் கழித்துப் பழைய பில் புக்குகளைப் புரட்டியபோதுதான் கண்ணில் பட்டது: காணாமல் போனவை எல்லாம் பெரிய பில்கள். மாதச் சாமான் வாங்கும் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவார்கள், நாங்கள் ஞாயிறு ஒரு மணிக்குக் கடையைச் சாத்திவிடுவோம். விலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அதனால்தான் இந்தக் கட்டுரை. உங்கள் கடைக்கு எந்த அறிகுறி பொருந்துகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம், ஆனால் கீழே இருக்கும் முதல் பகுதியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

எதையும் தொடுவதற்கு முன்: ஒரு வாரம் பில்லை எண்ணுங்கள்

ராத்திரி கல்லாவை எண்ணினால் வருவது ஒரே ஒரு எண். அந்த எண்ணை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. இரண்டு எண் வேண்டும்: இன்றைக்கு எத்தனை பேர் வாங்கினார்கள், ஒருவர் சராசரியாக எவ்வளவுக்கு வாங்கினார்.

ஒரு கணக்கு. போன வருடம் ஒரு நாளைக்கு 180 பில், சராசரி 220 ரூபாய், மொத்தம் 39,600. இந்த வருடம் கல்லாவில் முப்பதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாக விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கடையில் அது 175 பில், சராசரி 170 ரூபாய், ஆக 29,750. இன்னொரு கடையில் 130 பில், சராசரி 230 ரூபாய், ஆக 29,900. இரண்டு முதலாளிகளும் டீக்கடையில் உட்கார்ந்து "பத்தாயிரம் இறங்கிருச்சுப்பா" என்று ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். முதல் கடையில் ஆள் அப்படியே இருக்கிறார்கள், பை மட்டும் இளைத்துவிட்டது. இரண்டாவது கடையில் பை அப்படியே இருக்கிறது, ஐம்பது பேரைக் காணோம். முதல் கடைக்காரர் வாசலில் பேனர் வைத்தால் காசு தண்டம், இரண்டாமவர் "ரெண்டு வாங்கினால் ஒன்று இலவசம்" போட்டால் அதுவும் தண்டம்.

பில் மெஷின் இருந்தால் இது இரண்டு நிமிட வேலை. இல்லையென்றால் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு, ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கோடு, ஐந்தாவதைக் குறுக்கே போட்டுக் கட்டாக்குங்கள். யுபிஐ பணத்துக்கு க்யூஆர் கொடுத்த நிறுவனத்தின் செயலியிலேயே நேரத்தோடு பட்டியல் கிடைக்கும், அதைச் சவுண்ட் பாக்ஸில் கேட்பதோடு விட்டுவிடுகிறோம். கோடு போடும்போது நேரத்தையும் மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: காலை பத்து மணி வரை, பத்திலிருந்து ஐந்து வரை, ஐந்துக்கு மேல். ஒரு வாரம் போதும். தீபாவளி வாரத்தில் எண்ணாதீர்கள், ஆடி முதல் வாரத்திலும் வேண்டாம்.

அறிகுறி: ஆள் வருகிறார்கள், பில் சின்னதாகிவிட்டது

நான் பார்க்கும் கடைகளில் பாதிக்கு மேல் இந்த வகைதான். மாதச் சாமான் லிஸ்ட் உங்களை விட்டுப் போய்விட்டது, அவசரச் சாமான் மட்டும் மிச்சம் என்று அர்த்தம். உறுதி செய்ய ஒரு வழி இருக்கிறது: ஐந்து லிட்டர் எண்ணெய் கேன், இரண்டு கிலோ சலவைப் பவுடர், கிலோக் கணக்கில் துவரம் பருப்பு, அரிசி மூட்டை, இந்த நான்கும் போன வருடம் மாதம் எத்தனை போனது, இப்போது எத்தனை போகிறது என்று ஏஜென்சி பில்களை வைத்துப் பாருங்கள். நான்கும் பாதியாகியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

உடனே எல்லோருக்கும் வரும் யோசனை, நாமும் விலையைக் குறைப்போம் என்பது. முதலில் எதிரில் இருப்பவர் எப்படிக் குறைக்கிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள். 2002இல் மும்பையில் முதல் கடை போட்ட டிமார்ட், பெரும்பாலும் சொந்தக் கட்டடத்தில்தான் கடை வைக்கும், அதனால் வாடகை பெரிதாகக் கடிக்காது. சரக்குக் கொடுத்தவருக்குச் சீக்கிரம் பணத்தைக் கொடுத்துவிடும், அதற்குப் பதிலாக அடிமாட்டு விலைக்கு வாங்கும். அங்கே ஏசி இருக்கிறது என்று நாம் பொறாமைப்படுகிறோம், அசல் ஆயுதம் அந்தக் கொள்முதல் விலை. ஏஜென்சிக்காரரிடம் பதினைந்து நாள் தவணை கேட்டுக்கொண்டே அந்த விலையோடு மல்லுக்கட்ட முடியாது.

அப்படியே குறைத்தாலும் கணக்கு எங்கே போய் நிற்கிறது பாருங்கள். நூறு ரூபாய்ப் பொருளில் உங்களுக்குப் பத்து ரூபாய் நிற்கிறது. மூன்று ரூபாய் குறைக்கிறீர்கள், இப்போது ஏழு. பழைய லாபத்தையே எடுக்க நூறு எண்ணம் விற்ற இடத்தில் 143 எண்ணம் விற்க வேண்டும். மூன்று ரூபாய்க்காக உங்கள் தெருவில் நூற்றுக்கு நாற்பத்து மூன்று பேர் புதிதாக வருவார்களா? வரமாட்டார்கள், எங்கள் அப்பாவுக்கும் வரவில்லை.

சரி, என்ன செய்வது? லிஸ்ட் முழுவதையும் திரும்பக் கொண்டுவர நினைக்காதீர்கள், அதில் கையால் தொட்டுப் பார்த்து வாங்கும் பகுதியை மட்டும் கேளுங்கள். அரிசி அதில் முதல். பெரிய கடையில் மூட்டையைத் தூக்கி வண்டியில் வைக்க வேண்டும், வீட்டில் மாடி ஏற்ற வேண்டும், சாதம் குழைந்துபோனால் யாரிடமும் சொல்லவும் முடியாது. நீங்கள் இரண்டாவது மாடி வரை தூக்கிக்கொண்டு போய் வைத்துவிட்டு, "ரெண்டு நாள் வடிச்சுப் பாருங்கக்கா, சரியில்லைன்னா மூட்டையத் திருப்பி எடுத்துக்கறேன்" என்று சொல்லலாம். இந்த ஒரு வாக்கியத்தை எந்தச் சங்கிலிக் கடையும் சொல்லாது. சொல்லிவிட்டு நிஜமாகவே திருப்பி எடுக்கவும் வேண்டும், முகம் சுளிக்காமல். (அரிசி என்றதும் ஞாபகம் வருகிறது: 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான பை அடைத்த அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்ததும் நம் ஆலைக்காரர்கள் 26 கிலோ மூட்டை போட்டார்கள் பாருங்கள், சந்தை மாறும்போது எவ்வளவு சின்ன அசைவு போதும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஒரே ஒரு கிலோ.)

இரண்டாவது வழி, சின்ன பில்லை ஏற்றுக்கொண்டு அதில் ஒரு பொருளைக் கூட்டுவது. 175 பேர் வருகிறார்கள், ஒவ்வொருவரும் சராசரியாக இருபது ரூபாய்க்குக் கூட வாங்கினால் ஒரு நாளைக்கு 3,500 ரூபாய். மாவு வாங்க வருகிறவர் அடுத்து சட்னிக்குத்தான் போகப்போகிறார். பொட்டுக்கடலை, பச்சை மிளகாய், தேங்காய் மூடி, கறிவேப்பிலை எல்லாம் மாவு இருக்கும் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். நான் கணக்குப் பார்க்கும் ஒரு கடையில் பொட்டுக்கடலையை ஐம்பது கிராம் பொட்டலமாகப் போட்டு மாவுக்கு மேலேயே அடுக்கினார்கள், அதுவரை அது பின் அலமாரியில் கால் கிலோ பாக்கெட்டாகத் தூசு படிந்து கிடந்தது. விலையைத் தொடவே இல்லை, பொருளும் அதேதான்.

சின்ன பொட்டலத்தைக் கேவலமாக நினைக்கும் கடைக்காரர்கள் உண்டு. கடலூரிலிருந்து 1983இல் சிக் ஷாம்பு தொடங்கிய சி.கே. ரங்கநாதன் பெரிய கம்பெனிகளை எதிர்த்து நின்றதே சாஷே என்கிற சின்னப் பாக்கெட்டை வைத்துத்தான். எந்த பிராண்டாக இருந்தாலும் ஐந்து காலி சாஷே கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம் என்றார்கள், ஆள் பழகியதும் காலி சிக் சாஷே மட்டும்தான் செல்லும் என்று மாற்றினார்கள். முதல் பாதி எல்லோருக்கும் நினைவிருக்கிறது, இரண்டாவது பாதியில்தான் மூளை இருக்கிறது: ஆள் உள்ளே வரும் வரைதான் தாராளம்.

அறிகுறி: ஆளே குறைந்துவிட்டார்கள்

எந்த நேரத்தில் குறைந்தார்கள் என்பதுதான் முக்கியம், அதனால்தான் மூன்று நேரமாகப் பிரிக்கச் சொன்னேன்.

காலையில் குறைந்திருந்தால் பாலையும் மாவையும் பாருங்கள். "பால் பாக்கெட்டில் என்னண்ணே நிக்குது, கரண்டு பில்லுக்கே காணாது" என்று பாலை நிறுத்திய கடைகளில் ஆறே மாதத்தில் காலைக் கூட்டம் அடுத்த தெருவுக்குப் போயிருக்கிறது. பாலில் லாபம் தேடக்கூடாது, பால் வாங்க வந்த கால்தான் லாபம். ஆறு மணிக்குத் திறந்துகொண்டிருந்த கடையை ஏழரைக்குத் திறக்கிறோமா என்றும் மனசாட்சியோடு யோசியுங்கள். வயசாகிவிட்டது, பையன் வேலைக்குப் போய்விட்டான், எல்லாம் நியாயம்தான், ஆனால் வாடிக்கையாளர் அதற்காகக் காபி குடிக்காமல் காத்திருக்க மாட்டார்.

மாலையில் குறைந்திருந்தால் காரணம் பெரும்பாலும் கடைக்கு வெளியே இருக்கும். வண்டி நிறுத்த இடமில்லை, சாக்கடைக்குத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், டியூப் லைட் மங்கல். இதற்கு மார்க்கெட்டிங் உத்தி எதுவும் தேவையில்லை, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

ராத்திரி எட்டரைக்கு மேல், அதுவும் இளசுகள் மட்டும் குறைந்திருந்தால் செல்போனில்தான் வேலை நடக்கிறது, சில நிமிடங்களில் சாமானை வீட்டுக்கே கொண்டுவரும் செயலிகளில். இன்ஸ்டாமார்ட் 2020இல் வந்தது, அடுத்த வருடமே செப்டோ வந்தது, குரோஃபர்ஸ் தன் பெயரைப் பிளிங்கிட் என்று மாற்றிக்கொண்டது. சென்னை, கோயம்புத்தூர் போன்ற ஊர்களில் இருப்பவர்களுக்கு இது தினசரிச் சமாச்சாரம். இவர்கள் இரண்டு மூன்று கிலோமீட்டர் வட்டத்துக்குள் ஒரு குடோனை வைத்துக்கொண்டு அங்கிருந்து ஓடுகிறார்கள். சின்ன ஆர்டருக்குக் கூடுதல் கட்டணம் போடுவார்கள், அதனால் பத்து ரூபாய் கொத்தமல்லிக்கட்டு இன்னும் உங்களுடையதுதான். அவர்கள் பிடித்துக்கொண்டு போவது ஐஸ்கிரீம், சிப்ஸ், குழந்தைக்கு டயப்பர், அப்புறம் கேட்கக் கூச்சப்படும் பொருட்கள். சானிட்டரி நாப்கினைக் கண்ணாடி அலமாரிக்குள் வைத்து, ஒரு பெண் பிள்ளை பத்து ஆண்களுக்கு நடுவே பெயர் சொல்லிக் கேட்க, நாம் அதைக் குற்றப் பொருள்போல நியூஸ் பேப்பரில் சுற்றிக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறதே, அந்த ஒன்று போதும் அவள் ஜென்மத்துக்கும் செல்போனிலேயே வாங்க. அதைக் கையெட்டும் ரேக்கில், எடுத்துக்கொண்டு நேராகக் கல்லாவுக்கு வரும்படி வையுங்கள்.

நாள் முழுக்கக் குறைந்திருந்தால் கொஞ்சம் வெட்கத்தை விட்டு ஒரு வேலை செய்ய வேண்டும். நின்றுபோன பழைய வாடிக்கைகளில் இருபது பேரைப் போனில் கூப்பிடுங்கள். "ஏங்க்கா இப்பல்லாம் வர்றதே இல்ல?" என்று கேட்டால் "வேலைப்பா, நேரமில்ல" என்று முடித்துவிடுவார்கள். "எங்க கடையில எது கிடைக்காம வேற இடத்துக்குப் போக வேண்டி வந்துச்சுக்கா?" என்று கேளுங்கள். இருபது பேரில் ஐந்தாறு பேர் ஒரே பொருளையோ ஒரே ஆளையோ சொல்வார்கள். ஆள் என்றால் கல்லாவில் உட்காரும் நம் மச்சானாகவும் இருக்கலாம், தயாராக இருந்துகொள்ளுங்கள்.

அறிகுறி: விற்பனை நன்றாகத்தான் இருக்கிறது, கையில் காசு இல்லை

இதுதான் ஆபத்தான வகை, ஏனென்றால் வெளியே பார்த்தால் எல்லாம் நன்றாக இருக்கும். 1997இல் சென்னையில் தொடங்கிய சுபிக்ஷா என்ற சங்கிலிக் கடையைப் பலர் மறந்திருப்பார்கள். தெருவுக்குத் தெரு ஒரு கடை என்று சொல்லும் அளவுக்குப் பரவி, நாடு முழுக்கச் சுமார் 1,600 கடைகள் வரை போனது. 2009 தொடக்கத்தில் சம்பளம் கொடுக்க முடியவில்லை, சரக்குக் கொடுத்தவர்களுக்கும் பணம் இல்லை, கடைகள் மூடின. அந்தக் கடைகளில் கூட்டம் இல்லாமல் இல்லை. கடன் வாங்கி ஓடிய வேகத்துக்குக் கைப்பணம் ஈடுகொடுக்கவில்லை. 1,600 கடைக்கு வந்த அதே வியாதி ஒரே ஒரு ஷட்டர் கடைக்கும் வரும்.

நம் அளவில் காசு மூன்று இடத்தில் ஒளிந்திருக்கும்: நோட்டில், குடோனில், வீட்டில்.

நோட்டு என்றால் பற்று. கடன் கொடுக்காதே என்று நான் சொல்லமாட்டேன், பெரிய கடையால் தர முடியாத வசதி அது. ஏஜென்சிக்காரருக்கு ஏழு நாளில் பணம் கொடுத்துவிட்டு வாடிக்கையிடம் முப்பத்தைந்து நாள் கழித்து வாங்கினால் இடைப்பட்ட இருபத்தெட்டு நாளுக்கும் ஊருக்கு நீங்கள்தான் வங்கி. நோட்டைத் திறந்து ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் கடைசியாகப் பணம் கொடுத்த தேதியை எழுதுங்கள், தொகையை அப்புறம் பார்க்கலாம். நாற்பத்தைந்து நாளுக்கு மேல் தேதி பழசானவர்களிடம் புதுப் பற்று நிறுத்தம், பழசைச் சிறுகச் சிறுகக் கேட்டு வாங்க வேண்டும். வசூல் தேதியையும் மாற்றிப் பாருங்கள். முன்பெல்லாம் ஒன்றிலிருந்து பத்துக்குள் வாங்கினால்தான் உண்டு. 2023 செப்டம்பர் 15இல் மகளிர் உரிமைத் தொகை தொடங்கிய பிறகு மாத நடுவிலும் பல வீடுகளில் பெண்கள் கையில் ஆயிரம் ரூபாய் இருக்கிறது. சின்னப் பற்றுகளுக்குப் பதினாறாம் தேதி கேட்டால் கிடைக்கிறது, இருபத்தைந்தாம் தேதி கேட்டால் மனஸ்தாபம்தான் கிடைக்கிறது.

குடோன் என்றால் ஸ்கீம். லைன் சேல்ஸ்மேன் மாதக் கடைசியில் வந்து, "அண்ணே, இருபது பெட்டிக்கு ஒரு பெட்டி ஃப்ரீ, டார்கெட்டுக்கு ரெண்டு நாள்தான் இருக்கு, நீங்க பார்த்து..." என்று இழுப்பார். கைக்கு வரும் இருபத்தொரு பெட்டியில் ஒன்று இலவசம் என்றால் உங்களுக்குக் கிடைப்பது 4.8 சதவீதம். அதை விற்று முடிக்க ஐந்து மாதம் ஆகும் என்றால் சராசரியாக இரண்டரை மாதம் உங்கள் பணம் அட்டைப்பெட்டிக்குள் கிடக்கிறது. ரெண்டு வட்டிக்கு (மாதம் நூற்றுக்கு ரெண்டு ரூபாய்) வாங்கிய பணம் என்றால் அதற்கே 5 சதவீதம் ஆயிற்று. இலவசப் பெட்டியை எடுத்துக்கொண்டு கைக்காசையும் போட்டிருக்கிறீர்கள். எலி கடித்தது தனி. நான் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்: மூன்று வாரத்தில் விற்கிற அளவுக்கு மேல் எந்த ஸ்கீமும் வேண்டாம், ஃப்ரீயாக மிக்சி கொடுத்தாலும்.

வீடு என்றால் சொல்லவே வேண்டாம். கல்லாவிலிருந்து கைக்கு வருவதை எழுதாமல் எடுக்கும் வரை இந்த அறிகுறி தீராது. உங்களுக்கு ஒரு சம்பளம் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு எடுத்துப்போகும் பருப்புக்கும் பில் போடுங்கள். மனைவி திட்டுவார், பரவாயில்லை.

அறிகுறி: ஒரு பக்கம் சரக்குத் தேங்குகிறது, இன்னொரு பக்கம் கேட்டது இல்லை

சந்தை மாறுவதைப் பின்னால் போய்ப் பிடிக்கும் கடைகளுக்கு வருவது இது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டம், அதைத் தொடர்ந்து மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விற்பதில்லை என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தன. 1916இல் தொடங்கிய காளிமார்க்கின் பொவன்டோவைத் தேடிப் பிடித்துக் கேட்டார்கள். முதல் வாரமே இரண்டு பெட்டி எடுத்து, விற்றதும் மறுபடி இரண்டு பெட்டி எடுத்தவர்கள் பிழைத்தார்கள். இனிமேல் இதுதான் என்று பெயர் தெரியாத ஏதோ ஒரு கலர் கம்பெனியிடம் ஐம்பது பெட்டி மொத்தமாக இறக்கியவர்கள் அடுத்த கோடையில் அதைச் சொந்தக்காரர் கல்யாணத்துக்குக் கொடுத்தார்கள். திடீரென்று ஒரு பொருள் ஓடினால் சின்ன அளவில், அடிக்கடி வாங்குங்கள். பெட்டிக்கு ஐந்து ரூபாய் கூடப் போனாலும் அது இன்ஷூரன்ஸ் மாதிரி.

புதுச் சரக்கு எடுக்கும்போது ஏஜென்சியிடம் எக்ஸ்பைரியைத் திருப்பி எடுப்பீர்களா என்று முதலிலேயே கேட்டு பில்லின் பின்பக்கம் எழுதி வாங்குங்கள். வாய் வார்த்தை, சேல்ஸ்மேன் மாறினால் காற்றில் போய்விடும்.

கேட்டு இல்லாத பொருளுக்கு ஒரு "இல்லை நோட்டு" போடுங்கள். யார் எதைக் கேட்டு நீங்கள் இல்லை என்றாலும் ஒரு வரி எழுத வேண்டும், அவ்வளவுதான். ஒரு வாரத்தில் மூன்று முறை வந்த பெயர் எதுவோ அதை அடுத்த வாரம் எடுங்கள். இதைவிட மலிவான மார்க்கெட் ஆய்வு கிடையாது, ஆனால் என் கடைகளில் இதைத் தொடர்ந்து செய்கிறவர் ஒரே ஒருவர்தான். கடையில் வேலை பார்க்கும் பெண், முதலாளி இல்லை.

அறிகுறி: அரசாங்க உத்தரவு ஒன்று வந்தது, ஒரே மாதத்தில் நொறுங்கிவிட்டது

அறிவிப்புக்கும் அமலுக்கும் நடுவில் இருக்கும் நாட்களைத் தவறவிட்டீர்கள் என்று பொருள். பிளாஸ்டிக் தடையை 2018 ஜூனில் அறிவித்து 2019 ஜனவரி 1இல் அமல்படுத்தினார்கள், ஆறு மாதத்துக்கு மேல் இருந்தது. டிசம்பர் கடைசியிலும் கேரி பேக்கைக் கிலோக் கணக்கில் வாங்கி அடுக்கிய கடை எனக்குத் தெரியும்.

2025 ஜிஎஸ்டி மாற்றத்தில் இவ்வளவு அவகாசம் இல்லை. ஆகஸ்ட் 15 பேச்சில் வரி குறையும் என்று பிரதமர் சொன்னார், செப்டம்பர் 3இல் கவுன்சில் முடிவெடுத்தது, 22இல் அமல். குளியல் சோப்பு, ஷாம்பு, பேஸ்ட், பிஸ்கட் எல்லாம் 18லிருந்து 5 சதவீதத்துக்கு வந்தன. சலவைப் பவுடர் 18லேயே நின்றது, அதற்கும் குறையும் என்று வாடிக்கையாளர்கள் சண்டை போட்டது தனிக் கதை. ஆகஸ்ட் நடுவிலேயே இந்தப் பொருட்களின் கொள்முதலை வாரத் தேவைக்குச் சுருக்கியவர்களுக்குப் பெரிய அடி இல்லை. வழக்கமான ஜிஎஸ்டி பதிவில் இருப்பவர்களுக்கு வாங்கியபோது கட்டிய வரி வரவில் நின்றது, விற்கும்போது கட்டும் வரியில் கழித்துக்கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில், அதாவது விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் முறையில் இருந்த சின்னக் கடைகளுக்குத்தான் கஷ்டம், அதில் வாங்கியபோது கட்டிய வரியைக் கழிக்கவே முடியாது, 18 சதவீதத்தில் வாங்கியதைப் புது விலையோடு போட்டி போட்டு விற்க வேண்டி வந்தது.

அடுத்த முறை இப்படி ஒரு பேச்சு காதில் விழுந்தால் அன்றைக்கே மூன்று கேள்வி: எந்தப் பொருள், என்றைக்கு, என் குடோனில் எத்தனை நாள் சரக்கு. ஆடிட்டருக்குப் போன் செய்ய வெட்கப்படாதீர்கள், ஃபீஸ் கொடுக்கிறோம் இல்லையா.

அறிகுறி: வாட்ஸ்அப்பில் விளம்பரம் அனுப்பினேன், ஒருவரும் வரவில்லை

பாதி நேரம் அது அவர்களுக்குப் போயே இருக்காது. பிராட்காஸ்ட் லிஸ்டில் அனுப்பும் செய்தி, உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும், ஒரு லிஸ்டில் 256 பேர்தான். நீங்கள் அவர்கள் எண்ணைச் சேமித்தது கணக்கில் வராது. கல்லாவில் பணம் வாங்கும்போதே "நம்ம கடை நம்பரை சேவ் பண்ணிக்கங்கக்கா, லிஸ்ட் அனுப்பினா எடுத்து வச்சிடறேன்" என்று சொல்லி அங்கேயே செய்ய வையுங்கள்.

போய்ச் சேர்ந்தும் வரவில்லை என்றால் நீங்கள் அனுப்புவதில் கோளாறு. பூ படம் போட்ட காலை வணக்கம், பண்டிகை வாழ்த்து, "அனைத்துப் பொருட்களும் மலிவு விலையில்" என்ற போஸ்டர், இதையெல்லாம் நீங்களே பிறரிடமிருந்து வந்தால் பார்ப்பீர்களா? "புது நாட்டுக் கொத்தமல்லி இன்னைக்குக் காலைல இறங்கிருக்கு, பத்துக் கிலோதான்" என்று, பையைத் திறந்துவைத்த ஒரு போட்டோவோடு, வாரத்துக்கு இரண்டு தடவை. அவ்வளவு போதும். கூகுள் மேப்பில் கடையின் நேரமும் போன் நம்பரும் சரியா என்றும் ஒரு தரம் பாருங்கள், மூடியிருக்கிறது என்று அதில் காட்டிக்கொண்டிருக்கும் திறந்த கடைகள் நிறைய.

அறிகுறி: டோர் டெலிவரி ஆரம்பித்த பிறகு லாபம் குறைந்துவிட்டது

பையனுக்கு மாதம் 15,000, 26 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 577, பெட்ரோல் சேர்த்து 700 என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 25 வீடு போனால் வீட்டுக்கு 28 ரூபாய். உங்களுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு நிற்கிறது என்றால் 233 ரூபாய் ஆர்டர் வரை பெட்ரோலுக்கும் பையனுக்கும்தான் சரி. ஆகவே 300க்குக் கீழே டெலிவரி இல்லை என்று சொல்லுங்கள், அல்லது காலை பதினொன்று, மாலை ஆறு என்று இரண்டே நடை வைத்து ஒரே தெரு ஆர்டர்களைச் சேர்த்து அனுப்புங்கள். பத்து நிமிடத்தில் கொண்டுபோய்க் கொடுக்கும் பந்தயத்தில் நாம் இறங்க வேண்டியதில்லை. படி ஏற முடியாத பெரியவர்கள் வீடு மட்டும் விதிவிலக்கு, அங்கே ஒரு பாக்கெட் உப்பு என்றாலும் கொண்டுபோய்க் கொடுங்கள்.

அறிகுறி: எல்லாம் செய்து பார்த்தாயிற்று, ஒன்றும் நகரவில்லை

அப்படியானால் கடையில் கோளாறு இல்லை, தெருவே மாறியிருக்கலாம். ஒரு நாள் சாயங்காலம் ஏழு மணிக்குக் கடையை யாரிடமாவது விட்டுவிட்டு நான்கு தெரு நடந்து பாருங்கள். வீடுகள் ஹாஸ்டல் ஆகிவிட்டனவா, பாதி வீட்டில் டு-லெட் பலகையா, சமையல் வாசனை வருகிறதா, கொடியில் காயும் துணி யாருடையது. எனக்குத் தெரிந்த ஒருவர் கடையைச் சுற்றி முப்பது வருடம் குடும்பங்கள் இருந்தன, பக்கத்தில் கல்லூரி வந்ததும் ஒவ்வொன்றாக ஹாஸ்டலாக மாறின. அவர் மட்டும் அதே துவரம் பருப்பையும் மஞ்சள் கிழங்கையும் அடுக்கி வைத்துக்கொண்டு ஜனங்களுக்குச் சமைக்கத் தெரியவில்லை என்று திட்டிக்கொண்டிருந்தார். மகள் வந்து பாதி அலமாரியைக் காலி செய்து பிரெட், முட்டை, வாழைப்பழம், பக்கெட், ஹேங்கர், தைலம், செல்போன் சார்ஜர் வைத்தாள். சார்ஜர் அவருக்கு இன்னமும் பிடிக்கவில்லை, ஆனால் எண்ணிக்கை ஏறியது.

தெரு மாறவில்லை, ஆளும் குறைந்துகொண்டே போகிறது, மூன்று மாத நோட்டிலும் அதுவேதான் தெரிகிறது என்றால், வாடகையைப் பாருங்கள். மொத்த லாபத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாடகைக்கே போகிறது என்றால் புதுக் கடன் வாங்கி ஏசி போடாதீர்கள். கட்டட உரிமையாளரிடம் பேசிக் கடையைப் பாதியாக்கி, மறுபாதியை ஒரு ஜூஸ் கடைக்கோ ஜெராக்ஸ் கடைக்கோ உள்வாடகைக்கு விடலாமா என்று கேளுங்கள். அதற்கும் எந்த அலமாரி சம்பாதிக்கிறது, எது சும்மா நிற்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும், அந்தக் கோடு போட்ட நோட்டு இல்லாமல் எந்தப் பாதியைக் கொடுப்பது என்று எப்படி முடிவு செய்வீர்கள்?